புரதம் குறைவென்று நீ சொன்ன பொய்

கண் கிளினிக்கின் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளை நேற்று நானே வாசித்தேன், புள்ள. ஒருவரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் பழகியவனுக்குத் தமிழ் எழுத்து இந்தக் கிழ வயதில்தான் பிடிபட்டிருக்கிறது. கடைப் பலகை, சோடாப் போத்தல், பஸ்ஸின் நெற்றி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டு திரிகிறேன்.

அந்தத் தாள் மார்பகப் புற்றுநோயைப் பற்றியது. விரல் வைத்து வாசித்தேன். சில கட்டிகளில் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்குமாம். இருந்தால் அதற்கென்று விழுங்கும் குளிசைக்கு நோய் கேட்கும். இல்லாவிட்டால் அந்தக் குளிசையால் பயனில்லையாம். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

எண்பதுகளில், கொழும்பில் உன் மார்புக் கட்டிக்கு ஒப்பரேஷன் முடிந்த பிறகு, உன் தம்பியோடுதான் மறுபடி டொக்டரிடம் போனாய். சிங்களம் தெரிந்தவன் அவன்தான். திரும்பி வந்த உன்னிடம் வாசலிலேயே கேட்டேன்.

"டொக்டர் என்ன சொன்னாரு புள்ள?"

"சதைய சோதிச்சவங்களாம். புரதம் குறைவாம். மீன், முட்டை நல்லாத் திங்கட்டாம்."

"இவ்வளவுதானா? கடலுக்குப் போறவன்ட பொண்டாட்டிக்கு மீனுக்கா பஞ்சம்!"

"அப்ப புடிச்சிட்டு வாங்களன் பாப்பம்" என்று சிரித்தாய்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா கொடுக்கிறவர்கள் நாம். மார்பில் எது குறைந்தாலும் சுறா நிரப்பிவிடும் என்றுதான் நம்பினேன். கடல் குழம்பிய மாரியிலும் தோணி தள்ளினேன். நானே சுறா வறுத்துப் பிசைந்து தந்தேன். ஓங்காளிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு நீ விழுங்கினாய். மாரி முடியுமுன் மௌத்தாகி மண்ணுக்குள் போனாய். இத்தனை வருடமும் நான் என்ன நினைத்திருந்தேன், தெரியுமா? நான் கொண்டுவந்த மீன் போதவில்லை என்று. மீனால் நிரம்புகிற புரதமே அது இல்லை என்று அந்தத் தாள்தான் சொன்னது.

உன்னைப் பற்றிக் கேட்க, கிளினிக்கிலிருந்து நேரே உன் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"உன்ட ராத்தாக்கு எல்லாம் தெரியுமா?"

அவன் நிமிரவில்லை. "ஓம் மச்சான். குளிசை கேக்காது, கனகாலம் இல்ல எண்டு டொக்டர் சொன்னத நான்தான் ராத்தாக்குச் சொன்னன். ஒங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ."

"என்னத்துக்குடா?"

"மறுக்காவும் கேட்டுப் பாத்தன். 'மீனத் தூக்கிட்டு வரக்குள்ள அந்த மனிசன்ட மூஞ்சப் பாத்தியா? எப்படிடா சொல்ற?' எண்டவ."

சரி. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? தெரிந்திருந்தால் தோணியைக் கரையேற்றிவிட்டு உன் பக்கத்திலேயே இருந்திருப்பேன். நீ தனியே பயந்து கிடந்த பகல்களில் நான் நடுக்கடலில், உன்னைச் சுகப்படுத்துகிறேன் என்ற நினைப்பில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். நமக்கு மிச்சமிருந்த நாட்களைக் கடலுக்குக் கொடுக்க வைத்துவிட்டாய். உன் பயத்தைத் தம்பியிடம் கொடுத்தாய். எனக்கு உன் சிரிப்பைத்தான் காட்டினாய்.

இன்று விடியலில் ஸுபஹு தொழுதுவிட்டு எப்போதும் போல உனக்காகத் துஆ கேட்டேன். பாயைச் சுருட்டும்போதும் கோபம் அப்படியே இருந்தது. அதைக் குறைக்க எனக்கு மனமில்லை, புள்ள. இவ்வளவு காலத்துக்குப் பிறகு உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.