ஓட்டை விழாத தோல்

என் உசுருக்கு உசுரான நைனாவுக்கு,

நீ போய் இத்தனை வருஷமாக ஒரு வரி எழுதாதவள், இப்போது என்ன திடீரென்று என்று கேட்பாய். உன் படத்தைச் சுவரில் மாட்டினார்கள் நைனா. என் தையல் கடைச் சுவரில் இல்லை, மண்டி முதலாளி மகன் கட்டின ஓட்டல் சுவரில். அந்தக் கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏழுமலை என்கிற எங்கள் நைனா செஞ்சி மலைக்காட்டில் சுருக்குக் கண்ணி வைத்து நரி, காட்டுப்பூனை, கீரி பிடித்தவர். அரசாங்கம் கூடாது என்று சட்டம் போட்ட பிறகும் பிடித்தவர். மண்டி முதலாளி கடைக்கு முன்பக்கம் மல்லாட்டைக் கடலை மூட்டை, பின்பக்கக் குடோனில் நைனா உரித்த தோல். கீரி முடி படம் வரைகிற பிரஷ்ஷுக்குப் போகும், பூனைத் தோல் எந்த சீமாட்டி கழுத்துக்குப் போனதோ எனக்குத் தெரியாது.

சுருக்கில் மாட்டின கீரி விடிகிற வரைக்கும் துடிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தப் பாவத்துக்கு நான் உனக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு.

ஃபாரஸ்ட்காரர்கள் உன்னைத் தோல் கட்டோடு பிடித்த அன்று அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மண்டிக்கு ஓடினாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி முதலாளியை ஃபாரஸ்ட் ஆபீசுக்குக் கூட்டி வந்தாள். அந்த மகராசன் வந்தார். உன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். “இவன் யாருன்னே எனக்குத் தெரியாது சார்” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார். நீ ஜெயிலுக்குப் போனாய். அம்மா தெருக் குழாயடியில் திருடன் பொண்டாட்டி ஆனாள். நீ செத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அதைத் துடைக்க யாராவது ஒருத்தர் வாய் திறக்கமாட்டார்களா என்றுதான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறாள்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். சின்ன முதலாளி, அதாவது அந்த மகராசனின் சீமந்த புத்திரன், திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ரிசார்ட் திறந்திருக்கிறான். பேர் ‘ஃபர் ஃபோர்ட்’, மிருக முடித்தோல் கோட்டையாம். வெளிநாட்டுப் பனிக்காட்டில் மிருகம் பிடித்தவர்கள் தங்கின குடிசை மாதிரி செட்டு. மரக்கட்டை மாதிரி பெயிண்ட் அடித்த சிமெண்ட் சுவர், அதில் பாலியெஸ்டர் நரித்தோல், நடுவில் பல்ப் எரிகிற நெருப்புக் குழி. வெளியே சித்திரை வெயில் பாறையைப் பொரிக்கிறது, உள்ளே குளிர் காய நெருப்புக் குழி! இந்த அறிவை எந்தக் காலேஜில் விற்கிறார்கள் என்று தெரியவில்லை.

பரிமாறும் பையன்களுக்கு ஃபர் தொப்பி தைக்கிற ஆர்டர் என் கடைக்குத்தான் வந்தது. வால் வைத்த தொப்பி நைனா. மிஷினில் அந்தத் துணியை ஓட்டினால் முடி பறந்து மூக்குக்குள் போகும், தும்மித் தும்மியே தைத்தேன். தொண்டூரிலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய சிக்கன் தட்டைத் தூக்குகிறார்கள். அளவு கொடுக்க வந்த மேனேஜரிடம் இது என்ன வேஷம் என்று கேட்டேன்.

“அந்தக் காலத்துல அமெரிக்கா காட்டுல பீவர்னு ஒரு மிருகத்தப் புடிப்பாங்க மேடம். அது முடியிலதான் லண்டன்ல தொப்பி செய்வாங்க. பெரிய பிசினஸ்.”

“புடிச்சவன் அந்தத் தொப்பிய போட்டானா?”

“அவன் எப்படி போடுவான்? கம்பெனிக்காரங்களும் துரைங்களும் போடுவாங்க.”

“புடிச்சவன் இன்னா ஆனான்?”

மேனேஜர் அளவுச் சீட்டை நீட்டிக்கொண்டே சிரித்தார். அதெல்லாம் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவே வேண்டாம்.

பத்து நாள் கழித்து சின்ன முதலாளியே காரில் வந்து இறங்கினான். “அக்கா, உங்க ஃபாதர் ஒரு லெஜண்ட்” என்றான். லெஜண்டாம்! உன் படத்தைப் பெரிசாக மாட்டித் திறப்பு விழா நடத்தப்போகிறானாம். நானும் அம்மாவும் மேடைக்கு வரவேண்டும், சால்வை போடுவார்கள், நான் மைக்கில் ரெண்டு வார்த்தை பேசவேண்டும். என்ன வார்த்தை? “எங்கப்பா வேட்டையாடித் திரிஞ்சாரு, பெரிய முதலாளிதான் கூப்ட்டு புத்தி சொல்லித் திருத்துனாரு.” அவ்வளவுதான் அக்கா, சிம்பிள் என்றான். யூனிஃபார்ம் ஆர்டர் வருஷா வருஷம் உங்களுக்குத்தான் என்றும் சொன்னான்.

செருப்பு கால் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். “இவ நைனா படத்துக்கு மாலை போடுவீங்களா தம்பி?” என்று கேட்டாள். போடுவோம் பாட்டி என்றான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டேன். ஊர் பார்க்க உனக்கு ஒரு மாலை விழுந்தால் போதும், திருடன் என்கிற பேர் கழன்றுவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வாக்காளர் அட்டையில் இருந்த உன் முகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

விழா அன்று மேல்மலையனூர் கோயிலில் அமாவாசை. ஸ்பெஷல் பஸ் எல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அம்மா பச்சைப் பட்டு கட்டி, தலை நிறைய பூ கேட்டு, பிறகு வேண்டாம் என்று தானே எடுத்து வைத்துவிட்டு வந்தாள். பெரிய முதலாளி முன்வரிசை சோபாவில் இருந்தார். கிழம் இன்னும் கல்லுக்குண்டு. அம்மா கும்பிட்டாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையை இழுத்தார்கள். ஐயோ நைனா! வாக்காளர் அட்டை முகம் உன்னுடையதுதான். அதன் மேல் வால் வைத்த தொப்பி. ரெண்டு பக்கமும் முறுக்கு மீசை. கையில் ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி, காலடியில் ஒரு நரி. கம்ப்யூட்டரில் செய்ததாம். கீழே, ‘செஞ்சிக் காட்டின் கடைசி வேட்டைக்காரன். எங்கள் தந்தையால் மனம் திருந்தியவர்.’

“இது யாருடி?” என்றாள் அம்மா.

மைக் என் கைக்கு வந்துவிட்டது. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தான் நினைத்தேன். திட்டினால் என்ன ஆகும்? பாவம் அந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு என்று சொல்லிவிட்டு பிரியாணிக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் நீ சொன்னது மனசில் வந்தது. பெரிய முதலாளி ஒவ்வொரு தோலையும் பல்ப் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பாராம், ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலும் உன் மூஞ்சியிலேயே வீசுவாராம். சரக்கு என்றால் அந்த மனுஷனுக்கு அவ்வளவு திமிர். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லலாம், சரக்கைச் சொல்லக்கூடாது.

நான் சிரித்துக்கொண்டே பேசினேன். “படம் ரொம்ப நல்லா இருக்குது. எங்க நைனா துப்பாக்கியாலதான் சுட்டாருன்னு இன்னிக்குதான் எனக்குத் தெரியுது. அப்ப அவரு உரிச்ச தோலெல்லாம் குண்டு பட்டு ஓட்டையாதான் இருந்திருக்கும். பெரிய முதலாளி குடோன்ல அந்தக் காலத்துல ஓட்டைத் தோலாதான் அடுக்கி வச்சிருந்தாரோ இன்னாவோ, பாவம்.”

கிழம் சோபாவிலிருந்து எழுந்தே விட்டது. நான் மைக்கை அப்படியே அதன் வாய்ப் பக்கம் நீட்டினேன்.

“ஏய், யாருடி சொன்னது ஓட்டைன்னு? ஏழுமலை துப்பாக்கியத் தொட்டதே கெடையாது! சுருக்குலதான் புடிப்பான். கம்பி நான்தான் வாங்கிக் குடுத்தேன். எங்கிட்ட வந்த தோல்ல ஒரு ஊசி ஓட்டை இருக்காது. மெட்ராஸ்காரன் கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போவான்!”

“அப்பா, மைக் ஆன்ல இருக்குதுப்பா” என்று பல்லைக் கடித்தான் மகன்.

முன்வரிசையில் சால்வையோடு இருந்த ரெண்டு பெரிய மனுஷர்கள் குனிந்து செருப்பைத் தேடினார்கள். அம்மா மெதுவாக எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அப்ப எங்க வூட்டுக்காரர உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு ஆபீசுல தெரியாதுன்னீங்களே.”

கிழம் தண்ணீர் கேட்டது. வால் தொப்பி போட்ட ஒரு பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நாங்கள் மாலைக்குக் காத்திருக்கவில்லை, வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். மறுநாளே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்களாம். தொப்பி ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது, தும்மல் நின்றது.

ஆட்டோவில் அம்மா அழுதாள். “பேரச் சொன்னாருடி, ஏழுமலைன்னு பேரச் சொன்னாரு” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஜெயிலிலிருந்து வந்த மறுவாரமே அதே மண்டிக்கு மூட்டை தூக்கப் போன ஆள்தானே நீ? ஒரு வார்த்தை கேட்டாயா அவரை? அந்த விழாவில் நீ உயிரோடு இருந்திருந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, “ஆமாங்க மொதலாளி, நீங்க சொன்னா சரிதாங்க” என்று பல்லைக் காட்டியிருப்பாய். சின்ன முதலாளி நீட்டின தொப்பியையும் போட்டுக்கொண்டிருப்பாய். அந்தக் கிழத்தின்மேல் இருக்கிற வெறுப்பு எனக்கு என்றைக்காவது ஆறும் நைனா. உன்மேல் இருக்கிறது ஆறமாட்டேன் என்கிறது. ஏன் அப்படி இருந்தாய்?

பதில் வராது என்று தெரியும். ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். செத்தாலும் உன்னைத் திட்டுவதை நான் விடமாட்டேன். ஆனால் இந்தச் செஞ்சியில் உன்னைத் திட்ட இன்னொரு வாயைத் திறக்கவும் விடமாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத,
உன் மூத்த மகள்
அமுதா