கயிறு கட்டிய நாற்காலி

நம் வீட்டுத் தலைமையாசிரியைக்கு வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வார்டனாக இருக்கும் இந்தத் தொழிலாளர் விடுதியில் நேற்று பெரிய விவாதம். கொரோனாவுக்காகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியைக் கயிறு கட்டி வைத்திருக்கிறோம் அல்லவா, அதை எப்போது அவிழ்ப்பது என்று.

"எல்லாரும் ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அவுத்து விடுங்க சார்," என்றார் ஓட்டுநர்.

"எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி. அந்த எல்லாருல நான் இல்லையாக்கும்?" என்றார் சமையல்கார அம்மா.

"ஒரு பிள்ளை இன்னும் எழுதிக்கிட்டிருக்கும்போது பரீட்சை மணி அடிப்போமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அவருக்கும் ஊசி போடும்வரை பொறுக்கச் சம்மதித்தார்கள்.

நான் சொன்னது நியாயம்தான். ஆனால் என் பக்கத்து நாற்காலியும் கயிறு கட்டியதுதான். இத்தனை மாதமும் அதில் நீதான் உட்கார்ந்திருக்கிறாய். சன்னல் வெயில் அதன்மேல் உன் முந்தானை போல விழும்; குழம்பில் உப்பு குறைந்தால் உன்னிடம்தான் முணுமுணுப்பேன்.

சட்டைப் பொத்தான் இரண்டு அனுப்பு. சாப்பாட்டு மணி அடிக்கிறது, முடிக்கிறேன். கயிறு அவிழ்ந்ததும் அந்த இடம் தனக்கு என்கிறார் ஓட்டுநர். அப்போது நீ எங்கே உட்காருவாய் என்று எழுது.

உன் வகுப்பின் ஒரே மாணவன்