பந்திக்கு வேலி

10 மார்ச் 1997, திங்கள். செங்கல்பட்டு

காலையிலேயே புழுக்கம். மின்விசிறியை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே காற்று. செய்ய வேண்டியவை: ஈஸ்டர் பிரசங்கம். பல் வைத்தியர். மேலிடமான பிரெஸ்பிட்டரிக்குப் பதில் கடிதம் (மரியாதையாக எழுத வேண்டும், எனவே நாளை).

அச்சகத்திலிருந்து பந்திச் சீட்டுகள் வந்தன. ஈஸ்டர் திருவிருந்தில் உட்கார்ந்து அப்பம் வாங்கத் தகுதியானவர் யார் என்று மூப்பர்கள் பார்த்துக் கொடுக்கும் அட்டை. ஸ்காட்லாந்து மிஷன் துரைமார் விட்டுப்போன வழக்கம். அவர்கள் ஊரிலேயே இப்போது கிடையாதாம். நம் ஆட்கள் விடுவார்களா? அச்சுக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். ஓரத்தில் இரண்டு குத்துவிளக்கு, கீழே ‘தங்கள் நல்வரவை நாடும்’. சபைச் செயலர் ஜெபராஜ் என் மேஜையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையிலும் குத்துவிளக்கைக் கறுப்பு மையால் அழித்தார். பிறகு நல்வரவையும் அழித்தார்.

ஜெ. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அதிகாரி, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர் என்பதை நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

சபைச் சண்டை எதில் தொடங்கியது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆர்மோனியத்தை வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கம் வைப்பதா என்பதாக இருக்கலாம். வந்து நிற்கும் இடம் என் தலை. நான் போதகராகத் தொடர்வதா என்று ஏப்ரலில் சபை ஓட்டுப் போடும். டவுன்ஷிப் மொத்தமும் ஜெ. கட்சி. சதுரங்கப்பட்டினத்து மீனவக் குடும்பங்கள் என் கட்சி. என் பிரசங்கம் அவர்களுக்குப் புரிவதில்லை, அதனால் மதிப்பு. பந்திச் சீட்டு இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை. ஜெ. இவ்வளவு பக்தியாக மை பூசியதன் காரணம் அதுதான்.

13 மார்ச், வியாழன்

பல் வலி. வைத்தியர் பிடுங்க வேண்டும் என்கிறார். எனக்குத் தெரிந்து பிடுங்க வேண்டியவர்கள் வேறு பலர்.

அன்னம்மாள் வந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து இங்கே தெருத்தெருவாக மீன் விற்பவள். விதவை, ஐம்பது தாண்டியிருக்கும். சங்கரா கொண்டுவந்தாள். கண்டக்டர் கூடையைக் கூரைமேல் போடச் சொன்னானாம், இவள் அவனையே கூரைமேல் போகச் சொன்னாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். கரையில் போதகனை ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மாசி மகத்துக்கு பஞ்சாயத்துல சீட்டு குலுக்கினாங்க ஐயரே. எம் புள்ள பேரு வந்துட்ச்சு. சாமிய போட்ல ஏத்திகினு அலை தாண்டி ஒரு சுத்து போய்ட்டு வரணும். மாட்டேன்னா போட்ட தண்ணில எறக்க வுட மாட்டாங்க. அவன் இன்னா பண்ணுவான்?”

“நீங்க போட்ல ஏறினீங்களா?”

“நா எதுக்கு ஏற்றேன்? வூட்ல கொழம்பு வெச்சிகினு இருந்தேன். அவன் பசியோட வந்தான், போட்டேன்.”

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மகன் நம் கோயில் பக்கம் வருவதே இல்லை. தங்களில் ஒரு ஆளைச் சேர்க்க அப்போஸ்தலர்களும் சீட்டுப் போட்டவர்கள்தானே. இதை ஜெ.யிடம் சொன்னால் அப்போஸ்தலர்களுக்கும் அட்டை கிடைக்காது.

16 மார்ச், ஞாயிறு

ஆராதனைக்குக் கூட்டம் சுமார். பிரசங்கம் நன்றாக வந்தது. அது வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டே பேசுவதும் ஒரு வரம். வாசலில் காதில் விழுந்தது, டவுன்ஷிப் அம்மாள் ஒருத்தி இன்னொருத்தியிடம்: “மீன் நாத்தம் வந்துச்சு பாருங்க, வாசத்துக்கு ரெண்டு மல்லிப்பூ வச்சுட்டு வந்திருக்கலாம்.” இவர்களுக்குத்தான் நான் பாவமன்னிப்பைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷம் பேசினேன்.

19 மார்ச், புதன்

மூப்பர் கூட்டம். ஜெ., ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், இன்னும் இருவர். அந்த இருவரும் ஜெ. தலையாட்டும் பக்கம் ஆட்டுவார்கள். காபி, மிக்சர்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

அன்னம்மாளுக்குச் சீட்டு கொடுப்பதா என்று கேள்வி. விக்கிரகம் ஏறிய போட் அவள் வீட்டுப் போட். ஜெ. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். என் புத்தகம். ‘பந்திக்கு வேலி’, நான் போதகர் பட்டம் பெற்ற புதிதில் எழுதியது, நாற்பது பக்கம். யாரைத் தாக்கி எழுதினேன் என்பதுகூட மறந்துவிட்டது. தமிழ் மறக்கவில்லை. அந்தத் தமிழில் இன்று எழுத இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது, என்னையும் சேர்த்து.

ஜெ. படித்தார்: “விக்கிரகத்தைச் சுமந்த தோள் இந்தப் பந்தியில் சாயலாகாது.” படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஐயா எழுதுனதத்தான் சொல்லுதேன்.”

பெரியவர் மிக்சரிலிருந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “சொமந்த தோளுன்னா அந்தப் பையந்தானே? அவன் வர்றதே இல்ல. அந்தம்மா இன்னா பண்ணுச்சு? வுடுங்க, காபி ஆறுது.”

ஜெ. புத்தகத்தை மூடினார். மற்ற இருவரும் காபியை எடுத்துவிட்டார்கள். முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

நான் சொன்னேன்: “வாக்கியம் அங்கே முடியல. அது முற்றுப்புள்ளி இல்ல, அரைப்புள்ளி.”

புத்தகத்தைப் பார்க்காமலே மீதியையும் சொன்னேன்: “அந்தத் தோளுக்குச் சோறிட்ட கையும் இந்த அப்பத்தைத் தொடலாகாது.”

தோள், சோறு. சாயலாகாது, தொடலாகாது. என்ன கட்டு! இவர் அதைப் பாதியில் வெட்டிப் படிக்கிறார். பொறுக்கவில்லை.

ஜெ. பேனாவைத் திறந்தார். “ஐயா கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

மெதுவாகச் சொன்னேன். கடவுளே, அரைப்புள்ளி எங்கே வரும் என்றும் சொன்னேன்.

அன்னம்மாளுக்குச் சீட்டு இல்லை. அதே விதியில், அன்று சாமி போட்டின் பின்னால் போன எல்லாப் படகுக்காரர் வீட்டுப் பெண்களுக்கும் இல்லை. என் கட்சி மொத்தமும் அவுட். அதைக்கூட ஜெ. எழுதி முடிக்கும்போதுதான் கணக்குப் போட்டேன்.

20 மார்ச், வியாழன்

கிரேஸிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“யாரும் கேக்காம நீங்களா எடுத்துக் கொடுத்தீங்களா?”

“அவர் தப்பாப் படிச்சார்.”

“தப்பாப் படிச்சதாலதானே அந்தம்மா தப்பிச்சாங்க?”

இருபது வருஷமாக என் மனைவி. என் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டியதில்லை. இன்று அதற்காக அவளை மதிக்கத் தோன்றுகிறது.

பல் பிடுங்கியாயிற்று. வாய் மரத்துப் போயிருக்கிறது. நேற்றே பிடுங்கியிருக்கலாம்.

22 மார்ச், சனி

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது ஒரே வரி: நான் எழுதியது தவறு.

முதல் நகல்: இரண்டு பக்கம். அக்காலச் சூழ்நிலை பற்றி.
இரண்டாவது: நாலு பக்கம். ‘சோறிட்ட’ என்பதை ஆவிக்குரிய பொருளில் கொள்ள வேண்டும் என்று. பொய்.
மூன்றாவது: ஏழு பக்கம். ஜெ.யைப் பற்றி. மிக நன்றாக வந்தது, கிழித்துவிட்டேன்.

‘தவறு’ என்ற வார்த்தை மூன்றிலும் எங்குமே வரவில்லை.

25 மார்ச், செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. கரண்ட் இரண்டு முறை போனது. தீர்மானத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதியதற்குப் பிரெஸ்பிட்டரியிலிருந்து பதில்: ‘தங்கள் நூலின் அடிப்படையில் மூப்பர்கள் எடுத்த தீர்மானத்தில் குறுக்கிட இயலாது. நூல் மறுபதிப்புக் காண்பதில் மகிழ்ச்சி.’

மறுபதிப்பா?

மத்தியானம் ஜெ. அச்சுத்தாள்களோடு வந்தார். ஈஸ்டர் அன்று எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறாராம். “ஐயாவே ஒருக்க பாத்துட்டா பிழை இருக்காது லா.” என் கழுத்துக்கான கயிற்றை என்னிடமே கொடுத்து முறுக்கு சரியா என்று பார்க்கச் சொல்கிறார். அவர் முகத்தில் துளி நக்கல் இல்லை. நக்கலுக்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

வாங்கிப் படித்தேன். பதினேழாம் பக்கம் வந்தது. அந்த வாக்கியம். பேனா கையில். ஒரு கோடு இழுத்தால் போதும், ஜெ. மறுபடி படித்துப் பார்க்கப்போவதில்லை.

‘தோளுக்கு சோறிட்ட’ என்று இருந்தது. ஒற்று விட்டுப்போயிருந்தது. ‘ச்’ போட்டேன்.

மொத்தம் ஐந்து பிழை. திருத்திக் கொடுத்துவிட்டேன். மற்றவர்களைப் பற்றி இந்த நோட்டில் எழுதிய எல்லாவற்றையும்விடக் கேவலமான காரியம் இதுதான்.

28 மார்ச், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு தியானம். ஐந்தாவதில் பெரியவர் குறட்டை. அன்னம்மாள் வரவில்லை. அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லையாம். தீர்மானத்தைப் போய்ச் சொல்வது போதகரின் கடமை என்று ஜெ. விதியைக் காட்டினார். விதி சரிதான்.

29 மார்ச், சனி

சதுரங்கப்பட்டினம் போனேன். திருக்கழுக்குன்றம் வழி பஸ், நின்றுகொண்டே. டச்சுக் கோட்டைப் பக்கம் இறங்கி மணலில் நடந்தேன். அங்கி போடாமல் போனால் போதகனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு நிம்மதி.

அன்னம்மாள் வீட்டு வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா ஐயரே இந்த வெயில்ல? குந்துங்க, டீ போட்டாறேன்.”

டீ குடித்து முடிக்கும்வரை நெத்திலி விலையைப் பேசினேன். பிறகு சொன்னேன். காக்காய் விரட்டும் குச்சியைக் கீழே வைத்தாள்.

“சோறு போட்டதுக்கா?”

“ஆமா.”

“வருசத்துல ரெண்டு தபா ஐயரே, அவுங்களோட ஒண்ணா குந்தறேன். மத்த நாளு கூடையோட போனா கேட்டாண்டயே நிறுத்தி மீனு வாங்கறாங்க. அன்னிக்கி அவுங்களுக்கு வர்ற அதே தட்டு எனக்கும் வருது. அதுக்குத்தான் ஐயரே வர்றேன். பாட்டுக்கு இல்ல. நீங்க பேசறதுக்கும் இல்ல, கோச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ளவில்லை. இவர்களை வெறும் ஓட்டு என்று எண்ணி வைத்திருந்தவன் நான்.

“எங்க கீது அந்த மாதிரி? வேதத்துலயா?”

“வேதத்தில் இல்ல. ஒரு புஸ்தகத்தில்.”

“யாரு எழுதனது?”

“ஒரு போதகர். பழைய ஆள்.” பிறகு, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால்: “செத்துட்டார்.”

“பாவம்” என்றாள். “சோறு போடறத தப்புன்னு எழுதிகீறாரே. அவுருக்கு வூட்ல யாருமே சோறு போடலியா?”

வரும்போது ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல யோக்கியதை இல்லாததால் வாங்கிக்கொண்டேன்.

30 மார்ச், ஈஸ்டர்

காலையில் மேகம், மழையில்லை. கோயில் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு ‘பந்திக்கு வேலி’ கையில், விசிறிக்கொள்கிறார்கள். அன்னம்மாள் வந்திருந்தாள், கடைசி பெஞ்சு. கரைக்காரப் பெண்கள் அவளோடு. யார் கையிலும் அட்டை இல்லை.

ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்றேன். ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவர் மகளுக்கு இன்ஜினியரிங் சீட். ஒருவருக்கு மனையில் கிணறு தோண்டத் தண்ணீர் வர வேண்டும். ஆண்டவரை முனிசிபல் ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சில் அன்னம்மாள் எழுந்தாள்.

“அந்த பொஸ்தகம் எழுதன ஐயருக்காக ஜெபம் பண்ணுங்க. செத்துட்டாராம். சோறு போட ஆளில்லாம இருந்துகீறாரு போல.”

டவுன்ஷிப் பக்கம் ஒரு சிரிப்பு. ஜெ. எழுந்தார்.

“செத்தவங்களுக்கு நாம ஜெபிக்கிறதில்ல அம்மா. அதுவும் அவரு எங்க செத்தாரு? ஒங்க முன்னாலதானே நிக்காரு.”

அவள் ஜெ.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஐயரா எழுதனது?”

“ஆமா” என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் ஜெபம் பண்ணினேனா என்று நினைவில்லை. அப்பத்தை ஆசீர்வதித்தேன். ஜெ. வழக்கம்போல் பந்திக்குக் கொண்டுபோகத் தட்டை வாங்கக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி நடுவழியாகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். பின்னால் “ஐயா, ஐயா” என்று அவர் குரல். முதல்முறையாக அதைக் காதில் வாங்காமல் நடந்தேன்.

“நான் எழுதினது தப்பு” என்றேன். சொல்லிவிட்டேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி இல்லை, உரக்க. “எடுத்துக்குங்க அன்னம்மா.”

அவள் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

“வேணாம் ஐயரே” என்றாள், எனக்குத் தைரியம் சொல்வதுபோல. “எழுதிட்டீங்களே.”

தட்டோடு நின்றேன். முன்னால் ஜெ. அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள்.