சம்பந்தி வீட்டு மூச்சு

சின்னமனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி மகிழ் மூவரும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை ஆத்தா, இந்த வருஷத்தில் முதல் தடவையாக உண்மையாகவே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் கூப்பிட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைக்கிறாய், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், இங்கே உன் அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் தோட்டத்து வாழை தார் தள்ளியிருக்கிறது, போன மாசக் காற்றில் கொஞ்சம் சாய்ந்தது, மற்றபடி பழுதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. உன் அம்மாவுக்கு ஒடிந்த கை கூடிவிட்டது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது.

அவள் கை ஒடிந்த கதை உனக்குத் தெரியும். சித்திரையில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி வந்தவன், உத்தமபாளையம் ரோட்டில் நல்ல வெயிலில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கி வாய்க்கால் கரையில் கொண்டுபோய்ச் சாய்த்தேன். அதன் பிறகுதான் மதுரையில் உடம்பெல்லாம் வயரை ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால்தான் பகலில் இப்படிச் சொக்குகிறதாம், இனிமேல் மூச்சு மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும், விட்டால் இதயத்தில் போய்க் கைவைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு எவ்வளவு காற்று அழுத்தம் வேண்டும் என்று அளந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். முகமூடியைக் கடையிலேயே படுத்துப் பார்த்து, காற்று ஒழுகாததாக எடுங்கள் என்றார். அன்றைக்கே கடைக்குப் போயிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை அஜய்குமார் தன் அப்பாவுக்கு அங்கேயிருந்து புது மெஷின் அனுப்பியிருந்தார். உன் மாமனார் ஈஸ்வரபாண்டிக்கும் இதே வியாதி, எனக்கு முன்னாலேயே வந்தது, வியாதியில்கூட அவர்கள் வீடு நமக்கு ஒரு படி முன்னால்தான். அவருடைய பழைய மெஷின் சும்மா கிடக்கிறது, மாமா எதற்குப் புதிதாக வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளை நல்ல மனசோடு சொன்னார், அவரைக் குற்றம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கம்பத்திலிருந்து கார் வந்துவிட்டது. சம்பந்தியம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, ஆப்பிள், வாழைத்தார் வெட்டிப் பிழைக்கிறவன் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். இன்னொரு தாம்பாளத்தில் மெஷின். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள், அதுவும் காற்றை இழுக்கிற ஓட்டையின் மேலேயே வைத்திருந்தார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கொடுத்தே பழகிய பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து தாம்பாளம் வருகிறது என்றதும் உன் அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சீராக வந்த பொருளை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கார் திரும்பியதும் பிரித்துப் பார்த்தேன். முகமூடியின் ரப்பர் பழுப்பேறி ஓரமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. தலையில் மாட்டுகிற வார் முழுக்க எண்ணெய். தண்ணீர் ஊற்றுகிற டப்பாவின் அடியில் பாசி. உன் மாமனார் புகையிலை போடுகிறவர், அந்தக் குழாயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அவரே வந்து மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. விஜி, நான் செம்பைத் தூக்கிக் குடித்து வளர்ந்தவன். உன் அம்மா வாய் வைத்த காப்பித் தம்ளரில்கூட எனக்குக் குடிக்க வராது, அதற்காக அவளிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு ஆம்பளை வாயிலும் மூக்கிலும் கிடந்ததை என் முகத்தில் கட்டிக்கொண்டு தூங்கு என்றால் எப்படித் தூங்குவது. உன் அம்மாவோ, அவுக என்ன ரோட்டுல போறவுகளா, நம்ம பிள்ளை வாழப்போன வீடு, கழுவிட்டாப் போச்சு என்று சீயக்காய் போட்டு, சோப்புப் பவுடர் போட்டு, வெந்நீரில் முக்கி வெயிலில் காயப் போட்டாள். புகையிலை வாடையோடு சீயக்காய் வாடையும் சேர்ந்துகொண்டது. வேணாம்னு சொன்னா அங்கன பிள்ளைக்குத்தேன் பேச்சு வரும் என்று முடித்துவிட்டாள். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், வாங்கிக்கங்கப்பா, அத்தை ஒரு மாதிரி நினைப்பாக என்று. அதற்கு மேல் பேச வழியில்லாமல் கட்டிக்கொண்டேன்.

கட்டிக்கொண்டு பட்ட பாட்டையும் கேள். அந்த மெஷின் உன் மாமனார் உடம்புக்கு அளந்து வைத்தது. அவர் கல்யாண மண்டபத்துத் தூண், நான் அகத்திக் குச்சி. அவருக்கு வைத்த வேகத்தில் காற்று வந்து என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மறுநாள் முழுக்க ஏப்பம். முகமூடி என் முகத்துக்கு இரண்டு சுற்றுப் பெரிசு, மேல்பக்கம் வழியாகக் காற்று சீறிக் கண்ணில் அடித்து, கண் சிவந்துபோய், மார்க்கெட்டில் மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். மீசை இருப்பதால்தான் ஒழுகுகிறது, எடுத்துவிடுங்கள் என்றாள் உன் அம்மா. மீசையை எடுத்துவிட்டு வெளியே போனால் யார் செத்துப்போனது என்று துக்கம் கேட்க வந்துவிடுவார்கள், அதற்கு மட்டும் நான் இசையவில்லை. மறுபடி காட்ட வரச்சொன்ன டாக்டரம்மாவிடமும் போகவில்லை. போனால் இது யாருடைய மெஷின் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல உன் அம்மாவுக்குக் கூச்சம். ஆக மெஷின் என்று ஒன்று இருந்தது, நான் முன்னைவிடச் சோர்ந்துபோய்த் திரிந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், சம்பந்தி குடுத்து விட்டாக, இப்ப நல்லாருக்காக என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பதறாதே. ஆவணியில் ஒரு நாள் தார் ஏற்றிக்கொண்டு மினி வேனில் வந்தேன். வண்டியை ஓட்டக்கூடாது என்று தெரியும், ஆனால் மெஷின்தான் மாட்டுகிறோமே என்று ஒரு திமிர். பின்னால் நம் லோடுமேன் சுரேஷ்கண்ணனும் இரண்டு பேரும் தார் மேல் உட்கார்ந்து வந்தார்கள். ஒரு அம்மா ரோட்டோரத்தில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தது. சுரேஷ்கண்ணன் கூரையைத் தட்டிக் கத்துகிற சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. வண்டி சோளத்தின் மேல் நின்றது. தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்த அந்த அம்மா, செம்பும் கையுமாக ஓடிவந்து, ஏலே, நான் இங்கன உக்காந்திருந்தா என்னடா ஆயிருப்பேன் என்று கேட்டது. சுரேஷ்கண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இனிமே நீங்க ஏறாதீக மொதலாளி என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால் அழுதாள். அழுது முடித்துவிட்டு, புதுசு வாங்குவோம், ஆனா கம்பத்து மதினிக்குத் தெரியாம வாங்குவோம் என்றாள். ஒளித்து வாங்குவதாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்று ஆத்திரத்தில் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அப்புறம்தான் கம்பத்தில் உன் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து வந்தது. போனோம். பந்தியில் உன் மாமனார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எங்க சம்பந்திக்கு மூச்சே நம்ம மெஷின்லதேன் ஓடுது என்று இலை இலையாகச் சொல்லிக்கொண்டு போனார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் விஷயம் அது இல்லை. உன் அம்மாவுக்கு விக்கல் எடுத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளிச் செம்பை எடுத்து அவசரத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள். சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, அது எச்சிச் செம்பு, தனியா எடுத்துப் புளி போட்டு வெளக்கி வையி என்று சொன்னார்கள். மெதுவாகச் சொல்லவில்லை. உன் அம்மா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மொய் வைத்தாள், தாம்பூலப் பை வாங்கிக்கொண்டாள், பஸ் ஏறினாள். உத்தமபாளையம் தாண்டின பிறகு என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அவுக செம்புல நான் வாய் வச்சா எச்சி, அவுக மூஞ்சியில கெடந்தத நீங்க மாட்டுனா மரியாதையா என்று.

மறுநாள் அவளே கிளம்பி என்னைக் கூட்டிக்கொண்டு மதுரை போனாள். டாக்டரம்மாவிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், அடுத்தவருக்கு எழுதிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். கடையில் ஒரு பெஞ்சில் என்னைப் படுக்க வைத்து ஒவ்வொன்றாக மாட்டினார்கள், உன் அம்மா குனிந்து கன்னத்தை என் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தாள், கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் மூக்குத் துவாரத்தில் மட்டும் ஒட்டி நிற்கிற சின்னது ஒன்று பொருந்தியது, மீசைக்கும் சேதமில்லை. காற்று எனக்கு எழுதிய அளவில் வருகிறது. இப்போது பகலில் சொக்குவதில்லை, தலைவலி இல்லை, பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன். டாக்டரம்மா சரி என்று சொல்கிறவரை வேனில் ஏறப் போவதில்லை.

பழைய மெஷினை உன் அம்மா துடைத்து, அதே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கம்பம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏன், எங்க பொருளு எச்சியாப் போச்சா என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார்கள். ஆமா மதினி, எச்சிதேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதிலிருந்து அங்கேயிருந்து போன் இல்லை. உன்னிடம் கேட்பார்கள், கேட்டால் எங்களுக்காக நீ மன்னிப்புக் கேட்டுவிடாதே.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே. மாப்பிள்ளை குறட்டையில் சுவர் அதிர்கிறது, நானும் மகிழும் வேறு அறையில் படுக்கிறோம் என்று நீ சிரித்துக்கொண்டே உன் அம்மாவிடம் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறார் என்றும் சொன்னாயாம். இதற்குச் சிரிக்காதே ஆத்தா. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அவர் வேண்டாம் என்பார், நீ விடாதே, அங்கேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பார். மெஷின் வேண்டும் என்றால் அவருக்கென்று அளந்து வாங்கு, யார் வீட்டுத் தாம்பாளத்திலும் வாங்காதே.

மகிழுக்குத் தாத்தாவின் முத்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அம்மா மஞ்சள்தூளும் பருப்புப் பொடியும் தனியாக அனுப்பியிருக்கிறாள், வந்ததும் போன் செய். தினமும் மகிழைப் பள்ளிக்கூடத்துக்கு மாப்பிள்ளைதானே காரில் கொண்டுபோய் விடுகிறார். அவரை டாக்டர் பார்த்துச் சொல்கிறவரை, நாளையிலிருந்து நீ ஓட்டு.

உன் அப்பா,
பேச்சிமுத்து.