கம்பளியில் விழாத மடிப்பு

14.11.94, திங்கள்
காலையிலிருந்து மழை. கல்லூரி அரை நாள், சாய வேதியியல் வகுப்பு ஒன்றுதான் எடுத்தேன். மதிய பஸ்ஸில் வீரவநல்லூர், யோசனை கேட்டுக் கூப்பிட்டிருந்த அண்ணாச்சியின் சாயப்பட்டறை. பருத்தியே பழகிய இடத்தில் முதல் கம்பளித் துணி, சாயத்தில் கொதித்து வந்திருக்கிறது. நீளம் முழுக்கக் கோடு கோடாக மடிப்பு. இஸ்திரிக்கும் போகவில்லை. பருத்தி இப்படிச் செய்யாது. கம்பளி கொதியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே நிலைத்துவிடும். தடுக்க மருந்து உண்டு, பெராக்சைடு கலந்தது, சாயத்தோடே விடலாம் என்றேன். எல்லார் முன்னாலும். வெள்ளிக்கிழமை, துணி கொடுத்த பார்ட்டி வருகிறார். சரியாகாவிட்டால் மிச்சத் துணி திரும்பிப் போகும், என் சொல்லும்.

செல்லையா மேஸ்திரி, ஆட்களிடம்: "காலேஜில கம்பளி வெளையுதாம்லே."

15, செவ்வாய்
மருந்துக் கேன் வந்தது. லேபிளில் ஏகப் புகழ். நம்பவில்லை. இரண்டு துண்டு மடித்துத் தைத்தேன். ஒன்று மருந்தோடு, ஒன்று இல்லாமல். கொதித்ததும் தையல் பிரித்து, வெந்நீரில் ஊறவைத்து, கோணமானி வைத்து அளந்தேன். மடிப்பு விரிந்தால் ஜெயம்.

மருந்துத் துண்டு கத்திபோல் மடிந்தே கிடந்தது. மற்றதைவிட மோசம். மேஸ்திரி சிரிக்கக்கூட இல்லை.

வீடு. தோசை இரண்டு. சேலையில் தீக்குச்சி உரசிய வாசனை. பெராக்சைடுக்கு ஏது வாசனை?

16, புதன்
கல்லூரிக்கு லீவு. முதல் பஸ். தொட்டியில் வேறென்ன போட்டீர்கள் என்று மேஸ்திரியிடமே கேட்டேன்.

"ஹைப்போதான் டீச்சரம்மா. பெராக்சைடு விட்டா ஹைப்போ போட்டு முறிக்கணும்லா? இருவது வருசமா செய்யுதேன்."

பருத்திக்குச் சரி. வெளுக்க விட்ட பெராக்சைடின் மிச்சத்தை முறித்துவிட்டுத்தான் சாயம். இங்கே என் மருந்தையே முறித்துவிட்டார். போதாததற்கு, கம்பளிச் சாயத்தின் அமிலத் தொட்டியில் ஹைப்போ கந்தகப் புகையாகி மடிப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. கோபம் வரவில்லை. ஹைப்போ கூடாதென்று நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி, ஹைப்போ இல்லாமல். துண்டு விரிந்தது, ஏறக்குறைய நேர்கோடாக. மூன்று முறை அளந்தேன். நாலாவது முறை மேஸ்திரி அளந்தார்.

17, வியாழன்
மிச்சத் துணி முழுதும் கொதியில். தொட்டி மேல் சுண்ணாம்புக்கட்டி எழுத்து, மேஸ்திரியுடையது: கம்பளிக்கு ஹைப்போ கிடையாது.
அரிசி, சீயக்காய் வாங்க மறந்தேன்.

18, வெள்ளி
வெயில். பார்ட்டி துணியை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, முனை முதல் முனை தேடினார்.

"நல்லாத் தேடுங்க சார். மடிப்பு கெடைச்சா எங்கிட்ட தாங்க," மேஸ்திரி.

யார் சொன்ன மருந்து என்று பார்ட்டி கேட்டார்.

"எங்க டீச்சரம்மா," மேஸ்திரி.

'எங்க.' பஸ்ஸில் இரண்டு முறை நினைத்துக்கொண்டேன். கோணமானி இன்னும் மேஸ்திரியின் சட்டைப் பையில். திருப்பிக் கேட்கவில்லை.