மாதாவுக்கு நேர்ந்த சடை

திருத்துறைப்பூண்டி,
6.5.2025

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மூணு ஆடும் சௌக்கியம். நீ இல்லாமல் ஆடுதான் இளைத்துப்போச்சு, நான் இல்லை. முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே! நாலாங்கிளாஸோடு நின்றவளைக் கடுதாசி எழுத வைத்துவிட்டாய். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஃபிட்டர் வேலையும் வெல்டிங்கும் லீவில் ஒரு மாதம் சொல்லித்தருகிறவர்கள் நல்லாயிருக்கணும். உன் இடுப்பு நீளச் சடையை அங்கே யார் பின்னிவிடுகிறார்கள்? எண்ணெய் வைக்காமல் இருந்தால் பஸ் ஏறி வந்து உதைப்பேன்.

உன் அம்மா,
அம்சம்


தஞ்சாவூர்,
9.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பயப்படாமல் படி. நேற்று இரும்புத் தகட்டில் ஓட்டை போடும்போது தொப்பிக்குள்ளிருந்து சடை நழுவி, நுனி டிரில்லிங் மெஷினில் சுற்றிக்கொண்டது. எங்களுக்குச் சொல்லித்தரும் ஷோபனா மேடம் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அரை சாண் முடி போனது, எனக்கு ஒன்றுமில்லை. "முடியை வெட்டினாத்தான் மெஷின் பக்கம் விடுவேன். இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு" என்கிறார். நான் போட்ட முதல் ஓட்டை கோடு பிசகாமல் விழுந்ததும்மா. எனக்கு இருந்து முடிக்கணும். ஆனால் அந்தச் சடை உன் பெருமை. நீ வெட்ட வேண்டாமென்றால் வந்துவிடுகிறேன்.

உன் மதி


திருத்துறைப்பூண்டி,
13.5.2025

அடியே மதி,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம், அரை சாண் முடிக்கா இந்த அழுகை என்று சிரித்தேன். மூணு வயசில் உனக்குக் காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் முடி தருவதாய் வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டினேன். பிழைத்தாய். சுருள் சுருளாய் வளர்ந்ததைப் பார்த்ததும் மனசு வரவில்லை. 'அடுத்த வருஷம் தாயே' என்று பதினாலு வருஷம் சாக்குச் சொன்னேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மாதா நுனியை மட்டும் இழுத்துக் காட்டியிருக்கிறாள். தலையை விட்டுவிட்டாளே, புண்ணியவதி!

ஞாயிறு காலை வருகிறேன். மேடத்திடம் ஒருநாள் லீவு கேட்டுவை. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை மெஷின் முன்னால் போய் நில். எதைப் பிடித்து இழுக்கிறதென்று பார்ப்போம். சுவிட்சை அணைத்த கைக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுவைத்திருக்கிறேன். வழியில் நீ கை வைக்காதே.

"ரெண்டு மொட்டைக்கும் ஒரே துண்டு போதுமாடி?" என்கிறார் அப்பா. ஆமாம், ரெண்டுதான். உன் முடி பழைய வேண்டுதலுக்கு. என் முடி, நீ முழுசாய் இருப்பதற்கு.

மொட்டையாகப்போகும் அம்மா,
அம்சம்