கதை முடியும்வரை இத்தா இல்லை

2015 நவம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது அத்தியாயம் இன்றைய பத்திரிகையில் வந்துவிட்டது. ஆசிரியர் ஹில்மி இந்த முறையும் தலைப்பை மாற்றிவிட்டார். மேலே 'மர்மத் தொடர்' என்று ஒரு பட்டை வேறு. மனுஷா, அது விஞ்ஞானக் கதை! விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் மர்மக் கதை எழுதுகிறா என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தோலுரிப்பார்கள்.

நளீர் நாலு பிரதி வாங்கி வந்தான். தங்கச்சி ஸுல்பிகாவின் மாப்பிள்ளை. வாசிக்கப் பொறுமை இல்லாத ஆள்தான். ஆனால் கதையில் வருவது அவனுடைய போட். நீல நிறம், மூக்கில் மஞ்சள் கோடு, எல்லாம் அவன் சொன்னபடியே. "மதினி, பேரையும் மாத்தாதீங்க. ஆக்கள் தெரிஞ்சுகொள்ளோணும்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அதனால் கதையிலும் அவன் நளீர்தான். கூடத் தொழிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு நிக்கொலஸும் நிக்கொலஸ்தான். இந்த வாரம் அவர்களுடைய போட் நேரம் ஓடாத ஒரு புகாருக்குள், கடல்மேல் படிந்த மூடுபனிக்குள், போய்விட்டது. எப்படி வெளியே எடுக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"உள்ளுக்குச் சாப்பாடு?" என்று கேட்டான்.

"நேரமே ஓடாட்டி பசி எப்பிடி வரும்?"

அது அவனுக்கு நல்லாய்ப் பிடித்துப்போனது. ஸுல்பிகா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 19

கடல் பொங்கிக் கிடக்கிறது. போட் வரவில்லை.

நவம்பர் 22

நிக்கொலஸின் உடல் கரையொதுங்கியது. போட் உச்சமுனைப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததாம். நளீர் இல்லை. நேவிக்காரர்கள் தேடுகிறார்கள்.

நான் எழுதினேன், நடந்துவிட்டது. இல்லை. நான் எழுதினேன், பிறகு காற்று அடித்தது. இரண்டும் வேறு வேறு. வேறுதானே? பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிறவள் நான். எனக்கு யார் படிப்பிப்பது?

நவம்பர் 29

முதலே அனுப்பியிருந்த ஐந்தாம் அத்தியாயம் வந்திருக்கிறது. நிறுத்தச் சொல்ல மறந்தே போனேன். அதில் இருவரும் புகாருக்குள் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஸுல்பிகா பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஐந்தையும் தேடியெடுத்து முதலிலிருந்து வாசித்தாள். சோற்றைத் தொடவில்லை. நாள் முழுக்கக் கடற்கரையில் நிற்கிறாள். கூப்பிட்டால் வருகிறாள், திரும்பவும் போகிறாள்.

"அல்பொன்சாக்காக்குக் குடுத்து வெச்சிருக்கு ராத்தா" என்றாள். நிக்கொலஸின் மனைவியைத்தான் சொன்னாள். "அவக்குப் போய் அழ ஒரு கபுறு இருக்கு." மண் மூடிய ஒரு கபுறுக்கா பொறாமைப்படுகிறாள் என் தங்கச்சி!

டிசம்பர் 20

தொழுவிக்கிற ஹஸ்ரத்தும் பள்ளிவாசல் ஆட்களும் வந்தார்கள். புருஷன் மௌத்து என்று நிச்சயமானால்தான் பெண்சாதிக்கு இத்தா. போட் கிடைத்து, கூடப் போனவருடைய உடலும் கிடைத்த பிறகு இனிச் சந்தேகம் வேண்டாம் என்று காதி நீதவானும் சொல்லிவிட்டாராம். நாலு மாதம் பத்து நாள், வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கவேண்டியதுதான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஸுல்பிகா சொன்னாள்: "ராத்தாட கதை முடியட்டும். அதுக்குப் பொறகு இருக்கிறன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. "என்ன கதை?" என்றார் ஹஸ்ரத். பேப்பரைக் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மடித்துத் தந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "வந்திருவாங்களா, டீச்சர்?"

யா அல்லாஹ். இவருமா?

டிசம்பர் 27

உம்மா இன்றைக்கு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினா. "அவனை மௌத்தாக்கிரு மகள்" என்றா. கதையில்தான். "எங்களைத் துரத்தின நேரம் ரெண்டு நாள்ல திரும்பிருவோம் எண்டுதானே மன்னாரை விட்டு வந்தோம். இருபத்தஞ்சு வருஷம். ஒரு அலுமாரி வாங்கக்கூட மனம் வரல்ல எனக்கு, போற நேரம் தூக்கேலாதே எண்டு. அவளும் அப்பிடிக் காயோணுமா?"

சரி என்று பேனையை எடுத்தால், பின்னேரம் அல்பொன்சா வந்தா. கறுப்புச் சட்டை, கண்ணெல்லாம் வீங்கி. "நிக்கொலசை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்க டீச்சர். கதையிலதானே. ஒருக்கா வந்திட்டுப் போகட்டும்."

உடல் கிடைக்காதவனுடைய பெண்சாதி நம்புகிறாள்; அவளுக்காக அவனைக் கொல்லச் சொல்கிறார்கள். புருஷனைப் புதைத்தவள் வந்து அவனை உயிரோடு கேட்கிறாள். நான் யாருடைய சொல்லைக் கேட்பது? இதற்குள் ஹில்மியின் போன். ஆட்கள் கடிதம் எழுதிக் கேட்கிறார்களாம், இன்னும் ஐந்து வாரம் இழுக்கலாமாம். நீங்கள் வந்து இழுங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 3

மௌத்தாக்கினேன். கிழித்தேன்.

ஜனவரி 5

வந்தார்கள், எல்லாரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். சீ! பொய். அதையும் கிழித்தேன்.

ஜனவரி 9

முடித்து அனுப்பிவிட்டேன். சரியா பிழையா தெரியாது. இப்படி வரும் என்று நினைத்து எழுதவில்லை. அப்படித்தான் வந்தது.

2016 ஜனவரி 17, ஞாயிறு

பேப்பர் வந்ததும் என்னையே வாசிக்கச் சொன்னாள் ஸுல்பிகா. வாசித்தேன்.

புகார் கலைகிறது. போட் கரைக்கு வருகிறது. அவர்களுக்குக் கழிந்தது ஒரு பொழுது. கரையில் நாற்பது வருஷம். நளீருக்கு அடையாளம் தெரிந்தது நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டின் சிவப்பு விளக்கு மட்டும். மீன்வாடி இல்லை, தெரு இல்லை. கரையில் ஒரு கிழவி தனியாக நிற்கிறாள். நிக்கொலஸ் போட்டைப் பிடித்துக்கொள்ள, நளீர் இறங்கி ஓடி வந்து கேட்கிறான்: "உம்மா, ஸுல்பிகாட வீடு எது?" கிழவி அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கையை நீட்டி வீட்டைக் காட்டுகிறாள். அவன் ஓடுகிறான். அவ்வளவுதான் கதை.

ஸுல்பிகா பேப்பரை என் கையிலிருந்து வாங்கினாள். ஏனடி எழுதினாய், கொடியவளே, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"என்னையா உம்மா எண்டார்?" என்று கேட்டாள்.

"ஓம்."

சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. "விசரன்" என்றாள். சிரிப்பு அப்படியே அழுகையாகி, உம்மாவும் நானும் பிடித்தும் அடங்கவில்லை. அழட்டும் என்று விட்டோம். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள்.

"நாப்பது வருஷம் எனக்கு ஏலாது ராத்தா."

பேப்பரை நாலாக மடித்து வைத்தாள்.

"பசிக்குது. பாண் இருக்கா?"

உம்மா குசினிக்குப் போனா. அஸர் தொழுகைக்குப் பிறகு ஸுல்பிகாவே வெள்ளைச் சேலையைக் கேட்டு வாங்கினாள்.

பெப்ரவரி 2

அவளைக் காப்பாற்றினேனா, அவளிடமிருந்து அவனைப் பறித்தேனா? விளங்கவில்லை. அல்பொன்சா அந்தப் பக்கத்தை வெட்டி, மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறா. நிக்கொலஸ் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது போதுமாம்.

மே 29

இத்தா முடிந்தது. கடலில் சோழகக் காற்று தொடங்கிவிட்டது. போட்டுகளை மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். ஸுல்பிகா முதல் வேலையாக அல்பொன்சாவோடு நிக்கொலஸைப் புதைத்த சவக்காலைக்குப் போனாள். உம்மா தடுக்கவில்லை. ஸுல்பிகா சவக்காலை வாசலில் நின்று துஆ கேட்டுவிட்டு வந்தாளாம்.

வந்தவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"ராத்தா, அந்தக் கிழவி அவருக்கு வீட்டைக் காட்டின பொறகு எங்க போறா?"

"தெரியாது. நான் எழுதல்லயே."

"எனக்குத் தெரியும், சொல்றன் எழுதுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். "ஆனா முதல்ல தேத்தண்ணி ஊத்துங்க. அந்தக் கிழவி பசியோட போகமாட்டா."